மதுரை டு கோலாலம்பூர்: 2,725 கிலோமீட்டர் சரி, எத்தனை மணி நேரம்?

போனை எடுங்க. ரெண்டு ஊர் பேரைத் தட்டி, பக்கத்துல 'விமான தூரம்'னு போட்டுத் தேடுங்க. மதுரை, கோலாலம்பூர் என்று போட்டால் சுமார் 2,725 கி.மீ. என்று வரும். கூடவே, ஏறத்தாழ 4 மணி நேரம் என்று ஒரு பயண நேரமும் வரும். வைகை எக்ஸ்பிரஸில் சென்னை எழும்பூர் போய் இறங்கவே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்படிப் பார்த்தால் மலேசியா நமக்குச் சென்னையை விடப் பக்கம் என்று தோன்றும். ஹாஸ்டலில் யாராவது இதைக் கண்டுபிடித்து ஸ்டேட்டஸ் போட்டும் இருப்பார்கள்.

அந்த 4 மணி நேரம் மதுரைக்காரருக்குக் கிடைப்பதில்லை. கணக்கு தப்பில்லை, கணக்கு நம்மைப் பற்றியது இல்லை, அவ்வளவுதான். ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு நம் ஊரில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணமும் சரியான காரணம் இல்லை என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம், நாம இன்ஜினியரிங் படிக்கிறோம் இல்லையா. ரெண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுக்கிறார்கள். பூமியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள ஒரு உருண்டையாக வைத்துக்கொள்கிறார்கள். ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால் உருண்டையின் மேல் அந்த ரெண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வில்லின் நீளம் கிடைக்கும். பைத்தானில் பத்து வரிகூட ஆகாது. பூமி துருவங்களில் கொஞ்சம் அமுங்கி இருப்பதால் அதிகபட்சம் அரை சதவீதம் பிசகும், அது பரவாயில்லை. பிறகு அந்தத் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 'பயண நேரம்' ரெடி. 2,725-ஐ 800-ஆல் வகுத்தால் 3 மணி 24 நிமிடம். அரை மணி நேரம் சேர்த்தால் 3 மணி 54 நிமிடம். இந்தக் கணக்கில் எந்த விமானமும் இல்லை, அட்டவணையும் இல்லை. அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா என்று அந்தச் சூத்திரம் யாரையும் கேட்கவே இல்லை.

ஆனாலும் அந்தச் சூத்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது சில அழகான விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரு உருண்டை குளோப் கிடைத்தால் மதுரையில் ஒரு நூலை வைத்து சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் இழுத்துப் பிடியுங்கள். சுவர் மேப்பைப் பார்த்துப் பழகிய கண் நூல் கிழக்கே பசிபிக் மேல் போகும் என்று நினைக்கும். நூல் நேராக வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, 69 டிகிரி அட்சரேகைக்கும் மேலே போய், பிறகுதான் கீழே இறங்கும். தூரம் சுமார் 14,300 கி.மீ.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. மதுரை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் சென்னை விமான நிலையம் சுமார் 417 கி.மீ. கொழும்பு கட்டுநாயக்க சுமார் 355 கி.மீ. அதாவது வானத்தில் மதுரைக்குச் சொந்த மாநிலத் தலைநகரை விட வேறொரு நாட்டின் விமான நிலையம் கிட்டே. இப்போது மதுரையில் காம்பஸ் முள்ளைக் குத்தி 3,000 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மேற்கே துபாய் 2,950, உள்ளே வந்துவிடும். கிழக்கே கோலாலம்பூர் 2,725, அதுவும் உள்ளே. சிங்கப்பூர் 3,010 கி.மீ., கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களிலிருந்து வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். நம்மில் பலருக்கு முதல் வெளிநாட்டு வேலையும் இதற்குள்தான் அமையும். இந்த வட்டத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

சரி, திருநகருக்கு வருவோம். திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் நிற்கும் ஒருவர் கோலாலம்பூர் நகரத்துக்குள் போய்ச் சேர உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

விமான நிலையம் பெருங்குடிப் பக்கம், ஆட்டோவில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் இதை எழுதும் நாளில் அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இல்லை. அதனால் நம் மக்கள் செய்வது திருச்சிக்குப் போவது. அங்கிருந்து நேரடி விமானம் உண்டு. இரவு 11 மணிக்கு விமானம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னால், 8 மணிக்கு, கவுன்டரில் நிற்க வேண்டும். பஸ் லேட்டானால் விமானம் காத்திருக்காது, அதனால் அம்மா ரெண்டு மணி நேரம் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வார், அதுவும் நியாயம்தான். ஆக திருச்சியில் 6 மணிக்கு இறங்க வேண்டும். மாட்டுத்தாவணியில் 3 மணிக்கு பஸ் ஏற வேண்டும். திருநகரிலிருந்து பெட்டியோடு பெரியார் வழியாக மாட்டுத்தாவணி போக ஒரு மணி நேரம். ஆக, மதியம் 2 மணிக்குச் சாப்பிட்ட கையோடு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். விமானம் நம் நேரப்படி அதிகாலை 3 மணிக்கு இறங்குகிறது. குடியேற்ற வரிசை, பெட்டி, பிறகு நகரத்துக்கு ரயில் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது நம் நேரம் காலை 5.30. மொத்தம் பதினைந்தரை மணி நேரம்.

2,725 கிலோமீட்டரைப் பதினைந்தரையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 176 கி.மீ. ஜெட் விமானத்தில் போயும் வீட்டு வாசல் கணக்கில் நம் வேகம் வந்தே பாரத் ரயிலின் அதிகபட்ச வேகத்துக்குக் கொஞ்சம்தான் மேலே.

இதே ஆள் மதுரையிலிருந்தே 11 மணி விமானம் பிடித்தால்? இரவு 7.30-க்கு வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மொத்தம் பத்து மணி நேரம். போகவர பதினொரு மணி நேரம் மிச்சம். திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் உள்ள வான் தூரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 2,690 கி.மீ. மதுரையை விட வெறும் 35 கி.மீ. குறைவு. விமானத்துக்கு அது மூன்று நிமிட விஷயம். அந்த மூன்று நிமிடத்துக்குப் பதிலாக நாம் ஒரு வழிக்கு ஐந்தரை மணி நேரம் கொடுக்கிறோம்.

நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு இது பழக்கமான கதை. ஒரு பாக்கெட் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக ஆகும் தாமதத்தில் கம்பியில் ஓடும் நேரம் ஒரு பகுதிதான். மீதி எல்லாம் ரவுட்டரில் வரிசையில் நிற்கும் நேரம், ஒரு ஹாப்பிலிருந்து அடுத்த ஹாப்புக்கு மாறும் நேரம். பிங் அதிகமாக இருந்தால் 'சர்வர் ரொம்ப தூரம்'னு யாரும் சும்மா சொல்லிட்டுப் போறதில்ல, ரூட் எப்படிப் போகுதுன்னு பாக்குறோம். நம்ம ஊரிலிருந்து கிளம்பும் மனுஷனுக்கு மட்டும் அந்த ட்ரேஸ்ரூட்டை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. கொழும்பு வழியாக கோலாலம்பூர் போனால் வான் தூரம் 355 கூட்டல் 2,467, அதாவது சுமார் 2,820 கி.மீ. நேரடித் தூரத்தை விட நூறு கிலோமீட்டர்தான் அதிகம். கொழும்பு கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. சென்னை வழியாகப் போனால் சுமார் 3,045 கி.மீ., முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்று. நாம் அதிகமாகச் சென்னை வழியாகத்தான் போகிறோம். இணைப்பு விமானத்துக்காக நாற்காலியில் உட்கார்ந்து தூங்கும் நேரம் கிலோமீட்டர் கணக்கில் வருவதே இல்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம், வீட்டில் டிக்கெட் பார்க்கும் பெரியவர்களுக்காக. மலேசியா, சிங்கப்பூர் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். அதனால் போகும்போது இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 5.30-க்கு இறங்குவதாகத் தெரியும். வரும்போது இரவு 9 மணிக்குக் கிளம்பி 10.30-க்கே இறங்குவதாகத் தெரியும். "போறப்ப ஆறரை மணி நேரம், வர்றப்ப ஒன்றரை மணி நேரமா, எதுத்த காத்தா?" என்று எங்க வீட்டுல ஒரு விவாதமே நடந்தது. காற்று காரணம் இல்லை. ரெண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான்.

இனி காரணத்துக்கு வருவோம். ஏன் மதுரைக்கு நேரடி விமானம் இல்லை? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ரெண்டு பதில் வரும். ஒன்று, "நம்மளது இன்னும் சர்வதேச விமான நிலையம்னு அறிவிக்கல." ரெண்டு, "ரன்வே பத்தாது." சுவரொட்டி, மனு, மேடை எல்லாவற்றிலும் இந்த ரெண்டுதான். ரெண்டையும் திருச்சியை வைத்தே சோதித்துவிடலாம்.

திருச்சி விமான நிலையத்துக்கு 'சர்வதேச' என்ற அந்தஸ்து கிடைத்தது 2012 அக்டோபரில். ஆனால் ஏர் ஏஷியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது 2008 டிசம்பரில். அதாவது போர்டு மாறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வெளிநாட்டு விமானம் வந்துவிட்டது. அப்போது திருச்சி இருந்த நிலையில்தான், சுங்க விமான நிலையமாகத்தான், மதுரையும் இருந்தது. சுங்கம், குடியேற்றம் எல்லாம் இங்கே உண்டு. 2012-லேயே கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் மதுரையிலிருந்து கிளம்பிவிட்டது. பிறகு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஓடியிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்கும் நிலையமாகவும் ஆகிவிட்டது. பெயர்ப் பலகை தடை என்றால் இதெல்லாம் எப்படி நடந்தது?

அடுத்து ஓடுபாதை. மதுரையில் 7,500 அடி, சுமார் 2,286 மீட்டர். திருச்சியில் 8,136 அடி, சுமார் 2,480 மீட்டர். வித்தியாசம் இருநூறு மீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் போகப் பயன்படுவது ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள். இவற்றால் ஐயாயிரம் கி.மீ. தாண்டியும் பறக்க முடியும். 3,000 கி.மீ. போக முழு டேங்க் எரிபொருள் தேவையில்லை, அதனால் எடை குறைவு, ஓட வேண்டிய தூரமும் குறைவு. மதுரை வெயிலில் காற்று அடர்த்தி குறையும், தூக்குவிசை குறையும், அதனால் கூடுதலாக ஓட வேண்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் இதே பாதையில் இதே வகை விமானங்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஏறிப் போயிருக்கின்றன. அதை விடக் கிட்டே உள்ள கோலாலம்பூருக்கு மட்டும் ரன்வே பத்தாதா?

உண்மையான காரணம் ஒரு காகிதத்தில் இருக்கிறது. 1944-ல் சிகாகோவில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டு விமான நிறுவனம் அங்கே அட்டவணைப்படி விமானம் ஓட்ட முடியாது. அந்த அனுமதியை ரெண்டு ரெண்டு நாடுகளாகப் பேசி முடிவு செய்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்கள் என்று அதில் எழுதியிருக்கும். இப்படி எழுதப்பட்ட ஊருக்கு 'பாயின்ட் ஆஃப் கால்' என்று பெயர். பட்டியலில் ஊர் இல்லையென்றால் கூட்டம் எவ்வளவு இருந்தாலும், ரன்வே எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெளிநாட்டு நிறுவனம் வர முடியாது.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் நிறுவனங்களுக்காக இந்தியா 18 சுற்றுலா நகரங்களைத் திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் திருச்சி இருக்கிறது. கயா இருக்கிறது, கஜுராஹோ இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் ஊர் இல்லை! மலேசியா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் என்று நம் வட்டத்துக்குள் வரும் நாடுகளின் ஒப்பந்தங்களிலும் மதுரை பாயின்ட் ஆஃப் கால் இல்லை. இலங்கையோடு உள்ள ஏற்பாட்டில் மட்டும் இடம் உண்டு, அதனால்தான் கொழும்பிலிருந்து அவர்கள் நிறுவனமே இங்கே வருகிறது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மதுரையிலிருந்து ஓட்டியவை இந்திய நிறுவனங்கள். அவை இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் ஓட்டலாம். தங்களுக்கு எது லாபமோ அதைச் செய்யும். சென்னையிலோ பெங்களூரிலோ கூட்டத்தைச் சேர்த்து ஏற்றுவது லாபம் என்றால் அப்படித்தான் செய்யும். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, வியாபாரம். ஆனால் போட்டிக்கு வேறு ஆள் வர முடியாத சந்தையில் நமக்கு மாற்று வழி இல்லாமல் போகிறது.

இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. வளைகுடா, சிங்கப்பூர் நிறுவனங்களுக்கு எல்லா ஊரையும் திறந்துவிட்டால், அவர்கள் நம் சின்ன ஊர்களிலிருந்து ஆட்களை அள்ளித் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஏற்றிவிடுவார்கள். இந்திய நிறுவனங்களின் நீண்டதூரச் சேவை வளரவே வளராது, இந்தியாவில் ஒரு பெரிய இணைப்பு மையமும் உருவாகாது. மத்திய அரசு கையைச் சுருக்கிக்கொள்வதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான், இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டெல்லியிலும் மும்பையிலும் இணைப்பு மையம் வளர வேண்டும் என்பதற்கான விலையை, அங்கே ஏறவே ஏறாத பரமக்குடிக்காரர் பஸ் பயணமாகவும் தூக்கமாகவும் ஏன் கட்ட வேண்டும்? கோலாலம்பூரிலேயே இறங்கி அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர் எந்த இணைப்பு மையத்துக்கும் நஷ்டம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் திறக்க வேண்டாம். மதுரைக்கு வாரத்தில் நாலைந்து விமானம் என்று இருக்கைக்கு வரம்பு போட்டே கொடுக்கலாம். ஒப்பந்தங்களில் அப்படி வரம்பு போடுவது புதிதல்ல, அதற்குத்தானே இருக்கைக் கணக்கே இருக்கிறது.

பாதையை நாடுகள் முடிவு செய்வது மதுரைக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. டெல்லியும் லண்டனும் இருந்த இடத்தில்தான் இருந்தன. நேரம் மட்டும் கூடியது. அது ஒரே நாளில் நடந்ததால் செய்தியாயிற்று. நமக்கு இது வருஷக்கணக்கில் நடப்பதால் பழகிவிட்டது.

இதில் 'ஐந்தரை மணி நேரம்தானே, என்ன பெரிய விஷயம்' என்று கேட்கலாம். டூர் போகிறவருக்கு அது பெரிய விஷயம் இல்லைதான். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா போக இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்பதால் செமஸ்டர் லீவில் போய்வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு திருச்சி பஸ்ஸும் ஒரு ஜாலிதான். ஆனால் தூரத்தை வேறு கடிகாரத்தில் அளப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு துட்டிச் செய்தி போனால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?" என்பதுதான். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் கிள்ளானில் வேலை பார்த்தார். அவர் அம்மா ஒரு விடிகாலையில் இறந்துபோனார். சாயங்காலம் எடுப்பதாக முடிவாகி, பிறகு மகன் வர வேண்டும் என்று மறுநாளைக்குத் தள்ளிப்போட்டார்கள். ஐஸ் பெட்டி வந்தது. இரவு முழுக்க ஒவ்வொரு போனுக்கும், "ஏறிட்டானா, எங்க இருக்கான்?" என்ற கேள்விதான். திருச்சியில் இறங்கி, டாக்ஸி பிடித்து, மறுநாள் காலை வாசலுக்கு வந்தபோது அவர் சட்டைகூட மாற்றவில்லை. அவராவது முகம் பார்த்தார். பார்க்காதவர்களையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கப்பல் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறினால் பினாங்கு போகக் கிட்டத்தட்ட ஒரு வாரம். பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்தது. அப்போது துட்டிச் செய்தி கடிதமாகவோ தந்தியாகவோ போகும், கருமாதிக்குக்கூட வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். இப்போது வர முடியும் என்று தெரிந்துவிட்டதால்தான் காத்திருக்கிறோம். வர முடியும், ஆனால் நேரத்துக்குள் வர முடியாது என்பது புது வகை வேதனை.

ஓடுபாதை விஷயத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் நம்மை விடப் பெரிய இழப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். மதுரை ஓடுபாதையை 7,500 அடியிலிருந்து 12,500 அடியாக நீட்டுவது திட்டம். அதற்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க வேண்டும். நிலத்தையும் வீட்டையும் இழக்கும் ஊர்களில் ஒன்று சின்ன உடைப்பு. 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் மாற்று இடமும் முறையான மறுகுடியமர்வும் கேட்டுப் போராடினார்கள். விமான நிலையச் சாலையில் போகும்போது நாம் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம்.

நீளமான ஓடுபாதை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய விமானம் நிறைய எரிபொருளோடு ஏறி, சுமார் 8,360 கி.மீ. தள்ளி இருக்கும் லண்டனுக்கு நேரே போக வேண்டுமென்றால் அது தேவைப்படும். ஆனால் நம் மக்கள் இருக்கும் அந்த 3,000 கி.மீ. வட்டத்துக்கு இப்போதிருக்கும் பாதையே போதும் என்பதை மேலே பார்த்தோம். அப்படியிருக்க, 'மதுரைக்கு வெளிநாட்டு விமானம் வராததற்குக் காரணம் ரன்வே' என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ சின்ன உடைப்புக்காரர்களைத்தான் தடையாகக் காட்டுகிறோம். அவர்கள் தடை இல்லை. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. அதை முதலில் செய்யட்டும். நிலம் எடுப்பதாக இருந்தால் அந்த மக்கள் கேட்பதை முழுசாகக் கொடுத்துவிட்டு எடுக்கட்டும்.

அதுவரைக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு ரெண்டு வார்த்தை. டிக்கெட் தளத்தில் வரும் மலிவான விலையைப் பார்க்கும்போது வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை மணிக்கணக்கு ஒன்றை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். திருச்சிக்கு டாக்ஸி என்றால் அதன் வாடகையையும் சேருங்கள். பல சமயம் கொழும்பு வழி டிக்கெட் அதை விட மோசமாக இருக்காது. இணைப்பு விமானம் என்றால் ரெண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், ரெண்டாவதைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். முதல் முறை போகும் அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புவதாக இருந்தால், விலை கொஞ்சம் கூடினாலும் ஹாப் குறைவான வழியையே எடுங்கள்.

அப்புறம் இன்னொரு வேலை. நம் கல்லூரி விழாக்களுக்கு எம்.பி.க்கள் வருகிறார்கள், கேள்வி நேரமும் வைக்கிறார்கள். வழக்கமாக 'மதுரை ஏர்போர்ட் எப்ப சார் இன்டர்நேஷனல் ஆகும்' என்று யாராவது கேட்பார்கள், 'முயற்சி நடக்குது தம்பி' என்று பதில் வரும், கைதட்டல் வரும். இந்த முறை அதைக் கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: "சார், மலேசியாவோட விமான ஒப்பந்தப் பேச்சு கடைசியா எந்த வருஷம் நடந்தது? அந்தப் பேச்சுல மதுரையை பாயின்ட் ஆஃப் காலா சேர்க்கணும்னு நம்ம தரப்புல யாராவது கேட்டாங்களா? நாடாளுமன்றத்துல இதை எழுத்துபூர்வமா கேட்டு வாங்கின பதில் உங்ககிட்ட இருக்கா?"